கல்லூரி வாயிலில் நம் பிள்ளைகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு கல்லூரிக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, "பத்தாம் வகுப்பிற்கு மேல் படியாத ஒரு ரயில்வே கிளார்க்கு, கல்லூரியைப் பற்றிப் பேச என்ன தகுதி உடையவன்?" என்று மறுத்தோம். அவரோ, "படித்தவர்கள் தம் படிப்பைச் சொல்வார்கள், நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்" என்றார். அச்சொல்லை மறுக்க இயலவில்லை. ஆதலின் பட்டதைச் சொல்லவே இங்கு வந்து நிற்கிறோம்.

நம் குடியிருப்பில் உள்ள பெரும்பாலோர் கல்லூரி வாயிலை மிதியாதவர்கள். நம் தந்தையர் நெல்லையிலிருந்தும், குமரியிலிருந்தும், மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் கணக்கு எழுதினார்கள். தோப்பும்படி மீன்பிடித் துறையில் வலை இழுத்தார்கள். சலவைத் துறையில் கல்லோடு கல்லாக நின்றார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பயனாக நாம் பள்ளிக்குப் போனோம். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் அதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பள்ளியைத் தேர்வதற்கு வழிகாட்ட நம் வீட்டில் ஆள் இருந்தது. கல்லூரியைத் தேர்வதற்கு வழிகாட்ட ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தில் தரகர்கள் வந்து அமர்ந்து கொள்கிறார்கள்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் மூத்த மகனின் இசைவைப் பெற்றே இதனைச் சொல்கிறோம். அவன் இப்பொழுது இக்கூட்டத்தின் பின்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் தேறினான். நல்ல மதிப்பெண்தான், மிகச் சிறந்த மதிப்பெண் அன்று. மாலை வேளைகளில் மீன்துறை அருகே ஓர் ஐஸ் கடையில் கணக்கு எழுதி வந்தான். வணிகவியல் படிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். நாங்களோ அவனைக் கேட்கவில்லை. "எங்கள் மகன் இஞ்சினியர்" என்று அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இருந்தது. படிப்பை இடையில் நிறுத்தி, தந்தையார் மறைந்தபின் கிடைத்த வேலையில் சேர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் குறையை மகனைக் கொண்டு நிறைவு செய்துகொள்ள எண்ணினோம். அந்த வேளையில் ஒரு தரகர் வந்தார். வண்ணப் படங்கள் அச்சிட்ட ஏடு ஒன்றைக் காட்டினார். தொலைவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் இருப்பதாகவும், மூன்று நாளில் பணம் கட்டாவிடில் இடம் போய்விடும் என்றும் சொன்னார். மனைவியின் சங்கிலியும் வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. கல்லூரியை நாங்கள் கண்ணால் கண்டதே சேர்க்கை நாளன்றுதான்.

அதன்பின் நாள்தோறும் இரவில் மகனோடு தொலைபேசியில் பேசுவோம். "சாப்பிட்டாயா? உடம்பு நன்றாக இருக்கிறதா?" இவ்விரண்டு கேள்விகள் மட்டுமே கேட்போம். அவனும் "சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன்" என்பான். வகுப்பு விளங்குகிறதா என்று ஒருநாளும் கேட்டோம் இல்லை. கணக்குப் பாடம் முதல் மாதத்திலேயே அவன் கைவிட்டுப் போயிற்று. விடுதி அறையில் ஒன்றாக இருந்தவர்கள் வேறு மொழிக்காரர்கள். யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கமும் இருந்தது. முதற்பருவத் தேர்வில் நான்கு பாடங்களில் அரியர் விழுந்தது. பொங்கலுக்கு வீட்டிற்கு வந்தவன், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, நான் திரும்பப் போகவில்லை" என்றான். அன்று அடுப்பில் வைத்த பொங்கலை அவன் தாய் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் மற்றொரு துன்பம். கல்லூரியார் மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுத்தார்கள். நான்காண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் அறிவித்திருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் அதனை எடுத்துக் காட்டினார். அந்த அறிவிப்பைச் சுட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ்கள் வந்தன, பணம் வரவில்லை. பணத்தைத் திரும்பப் பெறுவதற்கென விதித்த காலவரையறை கடந்துவிட்டிருந்தது. அவ்விதியை முன்னரே அறிந்திருந்தால் முதல் மாதத்திலேயே மகனை அழைத்து வந்திருப்போம் அன்றோ? ஓராண்டும் போயிற்று, நகையும் போயிற்று.

இதனை இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. நம் குடியிருப்பில் இவ்வாண்டு ஏழு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகவிருக்கிறார்கள். அவர்களில் எங்கள் மகளும் ஒருத்தி. ஏழு வீட்டிலும் இது நிகழக் கூடாது என்பதற்காகவே சொல்கிறோம்.

அன்பர்களே, பெரியோர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. கணித மேதை சீனிவாச இராமாநுசனை நாம் எல்லோரும் அறிவோம். அவர் தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர்; நம்மைப் போன்ற எளிய குடும்பம். பள்ளியில் நன்கு தேறி, 1904-ஆம் ஆண்டில் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலம் முதலிய பிற பாடங்களைக் கைவிட்டார், தேர்வில் தவறினார், உதவித்தொகை நின்றுபோயிற்று. வீட்டைவிட்டே விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்து முயன்றும் அவரால் தேற முடியவில்லை. பல ஆண்டு வேலையின்றி அலைந்தபின், 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கிளார்க்காக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் அவர்கள் அவருடைய அறிவை அறிந்து துணை நின்றார். அதன் பிறகே கேம்பிரிட்சு வழி திறந்தது. 1918-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் ஆனார்.

இவ்வரலாற்றைக் கேட்பவர்கள், "தேர்வில் தவறியவரும் மேதை ஆனாரே" என்று ஆறுதல் கொள்வது வழக்கம். துறைமுக நகரில் கிளார்க்கு வேலை பார்க்கும் நாங்கள் அதனை வேறு வகையாகப் படிக்கிறோம். உலகம் போற்றும் மேதையையே கல்லூரியின் தொடக்க ஆண்டு வீழ்த்திவிட்டது. உதவித்தொகை நின்றபின் பல ஆண்டு அவர் கைப்பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அறிவு குறைந்ததனால் அவர் வீழவில்லை. ஒரு பாடத்தின் மேல் இருந்த காதலால் மற்றப் பாடங்களை விட்டதனால் வீழ்ந்தார். அவ்வளவு பெரிய அறிவு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாதிருக்கலாம். ஆயின் முதலாண்டின் பள்ளம் எல்லார்க்கும் ஒன்றே.

மற்றொரு சான்று, முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள். இராமேசுவரத்திலிருந்து திருச்சி தூய வளனார் கல்லூரிக்குப் போய் இயற்பியல் பயின்றார். பட்டம் பெற்ற பின்னரே தமக்கு உரியது இயற்பியல் அன்று, பொறியியலே என்று உணர்ந்ததாகத் தம் வரலாற்று நூலில் கூறுகிறார். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டப் பணம் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய தமக்கையார் சோகரா அம்மையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார்.

அங்கும் நகை அடகு போயிற்று; எங்கள் வீட்டிலும் நகை அடகு போயிற்று. வேறுபாடு யாது? அங்கே பிள்ளை தன் விருப்பத்தைத் தான் அறிந்திருந்தார். தன் தகுதியால் இடத்தைப் பெற்றார். அதன்பின் நகை வந்தது. எங்கள் வீட்டில் நகை முன்னே போயிற்று, இடம் பின்னே வந்தது, பிள்ளையின் விருப்பம் வரவே இல்லை. நகையை அடகு வைப்பது குற்றம் அன்று. பிள்ளையைக் கேளாமல் வைப்பதே குற்றம்.

இனி, கல்லூரியைத் தேர்வது எங்ஙனம் என்பது பற்றி, அடிபட்டபின் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலாவதாக, அருகில் உள்ளதை இகழாதீர்கள். நம் மேற்குக் கரையில் பிறந்த பிள்ளைகள் பட்டப்படிப்புக்குக் காயல் கடந்து எர்ணாகுளம் போகவேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1967-ஆம் ஆண்டில் கொச்சிக் கல்லூரி இக்கரையிலேயே தோன்றியது. 1981-இல் இடக்கொச்சியில் அக்குவினாசு கல்லூரி தோன்றியது. பாலத்தைக் கடந்தால் தேவரையில் 1944-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. நகருக்குள் 1875-ஆம் ஆண்டு முதல் கல்லூரியாக விளங்கும் மகாராசாக் கல்லூரி இருக்கிறது; பெண்களுக்கென 1925-இல் எழுந்த தூய தெரேசாள் கல்லூரி இருக்கிறது; 1946-இல் எழுந்த தூய ஆல்பர்ட்டுக் கல்லூரி இருக்கிறது. தோப்பும்படிச் சந்திப்பில் பேருந்து ஏறினால் சென்று சேரக்கூடிய இத்துணைக் கல்லூரிகளை வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பினோம். வீட்டுச் சோறு உண்டு, வீட்டில் உறங்கி, நாள்தோறும் போய்வரும் பிள்ளையின் முகத்தை நாள்தோறும் காணலாம். முகத்தைக் கண்டால் வாடியிருப்பது தெரியும், தொலைபேசியில் தெரியாது.

தொலைவில் படிப்பதே தவறு என்று சொல்லவில்லை. வேண்டிய படிப்பு அருகில் இல்லையெனில் போகத்தான் வேண்டும். அப்பொழுது சேர்க்கைக்கு முன்பே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நூலகம் திறந்திருக்கிறதா, ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே படிக்கும் இரண்டு மூன்று மாணவரைத் தேநீர்க் கடையில் கண்டு பேசுங்கள். வண்ண ஏடு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவதாக, கல்லூரியின் பெயரை மட்டும் கேளாமல், இடம் எவ்வகை இடம் என்று கேளுங்கள். அரசின் உதவி பெறும் கல்லூரியிலும் உதவி பெறும் பாடப்பிரிவு, சுயநிதிப் பாடப்பிரிவு என இரண்டு இருக்கலாம். கட்டடம் ஒன்றே, கட்டணமோ வேறு. பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது, அதனையும் பாருங்கள். இவற்றைப் பார்க்கத் தரகர் தேவையில்லை. பிள்ளையின் கையில் உள்ள தொலைபேசியே போதும்.

மூன்றாவதாக, விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். நம் பகுதிக் கல்லூரிகள் சேர்ந்துள்ள மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளர முறையில் இடம் ஒதுக்குகிறார்கள். தன்னாட்சி பெற்ற கல்லூரிகளோ தாமே தனியாக விண்ணப்பம் பெறுகின்றன. இரண்டு வழியிலும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல் ஒரு வழியை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. ஒற்றைச் சாளரத்தில் விருப்பங்களை வரிசைப்படுத்தும்பொழுது உண்மையாகவே எது முதலில் வேண்டுமோ அதனை முதலில் எழுதுங்கள். இடம் ஒதுக்கியபின் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டத் தவறினால் இடம் போய்விடும். அந்த நாளில் "நாளை பார்ப்போம்" என்று இராதீர்கள்.

நான்காவது செய்தி, புலம்பெயர்ந்த நமக்கே உரியது. கேரளத்தில் தொழிற்கல்விக்கு விண்ணப்பிப்போரைக் கேரளத்தார் என்றும் கேரளத்தார் அல்லாதார் என்றும் பிரித்து, இன்னின்னார்க்கு இன்னின்ன உரிமை என்று விவரக் குறிப்பேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். பொது இடத்திற்கு உரியவரும் இட ஒதுக்கீட்டிற்கும் கட்டணச் சலுகைக்கும் உரியவர் ஆகாமல் போகலாம். சாதிச் சான்றும் அவ்வாறே. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தாராகக் கொள்ளப்படுபவர் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அங்கும் அவ்வுரிமை தானாகவே கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டில், ஒரு மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக விரும்பினாலும், வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருப்பிடச் சான்று காட்ட வேண்டியிருக்கும். ஆதலின் இங்கே எது கிடைக்கும், அங்கே எது கிடைக்கும் என்பதைச் சேர்க்கைக்கு ஆறு மாதம் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். கடைசி நாளில் சான்றுக்காக ஊருக்கு ரயில் ஏறிய தந்தையர் பலருக்கு எங்கள் கையாலேயே பயணச்சீட்டு எழுதித் தந்திருக்கிறோம். போனவர்களில் சிலர் சான்றோடு வருவார்கள். வரும்பொழுது நாள் கடந்திருக்கும்.

ஐந்தாவதாகப் பணம். 7½ இலட்சம் ரூபாய் வரை சொத்தை ஈடாகக் கேளாமல் கல்விக் கடன் தரும் ஏற்பாடு வங்கிகளில் உண்டு. அடகுக் கடைக்குப் போகுமுன் வங்கிக்குப் போங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, ஆண்டு வருமானம் 4½ இலட்சத்திற்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் மைய அரசின் உதவித்தொகையும் உண்டு. எங்கள் துறையைச் சேர்ந்த செய்தி ஒன்று: ரயிலில் கல்லூரிக்குப் போய்வரும் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கட்டு இலவசம். ஆலுவாய்க்கோ ஆலப்புழைக்கோ கோட்டயத்திற்கோ மகளை அனுப்ப அஞ்சும் தாய்மார்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முதல்வரின் சான்றோடு நிலையத்திற்கு வந்தால் போதும்.

தம்பி தங்கையரே, இனி உங்களிடம் சில சொற்கள். பெற்றோர் செய்ய வேண்டியது சேர்க்கை வரை. அதற்கு மேல் உங்கள் முதலாண்டு உங்கள் கையில்.

கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை வந்திருக்கிறது. மூன்றாண்டில் 133 கிரெடிட்டு பெற்றுப் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டும் பயின்று 177 பெற்றால் சிறப்புப் பட்டம். முதன்மைப் பாடம் ஒன்றோடு வேறு பாடங்களையும் தொடக்கத்திலேயே சுவைத்துப் பார்க்கலாம். முதலிரண்டு பருவம் முடிந்தபின், விதிகளுக்கு உட்பட்டு, முதன்மைப் பாடத்தையே மாற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கலாம் அவர்கள் பட்டம் பெற்றபின் அறிந்ததை நீங்கள் முதலாண்டிலேயே அறிந்துகொள்ள வழி பிறந்திருக்கிறது. அதற்கு முதலாண்டில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வாரத்தை விடாதீர்கள். உறவினர் வீட்டுத் திருமணம் என்று ஊருக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்துக் கல்லூரிக்குப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாடத்தின் அடித்தளம் அந்தப் பதினைந்து நாளில்தான் போடப்படுகிறது. நட்புகளும் அப்பொழுதுதான் அமைகின்றன. 75 விழுக்காடு வருகை இல்லாவிடில் தேர்வு எழுத இயலாது என்பதையும் மறவாதீர்கள். ஆண்டு முழுதும் நடக்கும் சிறு தேர்வுகளுக்கும் கட்டுரைகளுக்கும் தனி மதிப்பெண் உண்டு. இறுதித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் அம்மதிப்பெண்ணைப் பிறகு பெற இயலாது.

விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாம் வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். முதற்பருவத்தில் ஆங்கிலப் பாடம் விளங்காமல் விழிப்பது உங்கள் குறை அன்று. அதனை மறைத்து வைப்பதே குறை. முதல் மாதத்திற்குள் ஓர் ஆசிரியரையேனும் அவர் அறையில் போய்க் கண்டு, உங்கள் பெயரைச் சொல்லி, ஓர் ஐயத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். பின்னர் இடர் வரும்பொழுது போய் நிற்க ஒரு வாயில் இருக்கும். எங்கள் மகனுக்கு அந்த வாயில் இல்லாமற் போயிற்று.

விருப்பமான பாடத்தில் மூழ்கி மற்றப் பாடத்தை விடாதீர்கள். கும்பகோணத்தில் நிகழ்ந்ததை எண்ணிக்கொள்ளுங்கள். நூலகத்தில் நாளும் ஒரு மணி நேரம் அமருங்கள். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை இவற்றுள் ஒன்றில் சேருங்கள். புதிய இடத்தில் நண்பரைத் தேடித் தருவன அவை. எவரேனும் பகடிவதை செய்தால் அதனை வீரம் என்று பொறுத்திராதீர்கள். 2009-ஆம் ஆண்டு மானியக் குழு வகுத்த ஒழுங்குமுறையின்படி அது தண்டனைக்குரிய குற்றம். 1800-180-5522 என்ற எண்ணில் இரவும் பகலும் முறையிடலாம்.

தமிழையும் கைவிடாதீர்கள். கல்லூரியில் தமிழ் படிக்க வாய்ப்பு அரிது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டா. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் தமிழ்த்துறைகள் இருக்கின்றன. அங்கே போக இயலாதவர்க்கு நம் சங்கத்தின் நூலடுக்கு இருக்கிறது. அதன் மேல் படிந்த தூசியைத் துடைப்பதற்கேனும் வாருங்கள்.

மறுபடியும் பெற்றோரிடம் வருகிறோம். நாம் படிக்காதவர்கள், பாடத்தில் உதவ இயலாது. ஆயினும் கேட்க இயலும். "சாப்பிட்டாயா" என்று கேட்டபின் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்று விளங்காதது எது?" பிள்ளை சொல்லும் பாடப்பெயர் நமக்குப் புரியாமல் இருக்கலாம். சொல்லும் குரல் நமக்குப் புரியும். குரல் தாழ்ந்தால் மறுநாளே கல்லூரிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். அழுக்குச் சட்டையோடு போக வேண்டியிருந்தாலும் போங்கள். நம் உழைப்பின் அழுக்கைக் கண்டு எந்த நல்லாசிரியரும் முகஞ்சுளிப்பதில்லை. பிள்ளை தவறிவிட்டால் வாயிலை அடைக்காதீர்கள். அன்று பொங்கல் நாளில் நாங்கள் கோபத்தில் சொன்ன சொற்கள் சில உண்டு. அவற்றைத் திரும்பப் பெற இயலுமானால், போன நகையை விட அவற்றையே திரும்பப் பெற விரும்புவோம்.

எங்கள் மகன் 2024-இல் அருகிலுள்ள ஒரு கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தான். புதிய நான்காண்டு முறையின் முதல் அணியில் அவனும் ஒருவன். தன்னினும் ஓராண்டு இளையவர்களோடு அமர்வதற்கு முதலில் கூசினான். இப்பொழுது அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். மாலையில் அதே ஐஸ் கடையில் கணக்கும் எழுதுகிறான்.

முடிவாக ஒரு வேண்டுகோள். வரும் சேர்க்கைக் காலத்தில் ஞாயிறுதோறும் காலையில் இம்மன்றத்தைத் திறந்து வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இங்கே இருந்து, விண்ணப்பம் நிரப்பவும் விதிகளைப் படித்துக் காட்டவும் உதவுவார்கள். இவ்வாண்டு சேரவிருக்கும் எழுவருக்கும், முன்னரே கல்லூரியில் பயிலும் ஒருவர் அண்ணனாகவோ அக்காவாகவோ முதலாண்டு முழுதும் துணை நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை நேரில் கண்டு பேச வேண்டும், அவ்வளவே. எங்கள் மகன் முதலாவதாகப் பெயர் கொடுத்திருக்கிறான். மற்ற ஆறு பெயர்களை இன்று இக்கூட்டம் முடிவதற்குள் எழுதிக்கொள்ள விரும்புகிறோம்.

எங்கள் மகள் தன் விருப்ப வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். நாங்களாக எழுதியிருந்தால் முதலில் வந்திருக்கக்கூடிய படிப்பு அதில் மூன்றாவதாக இருக்கிறது. ஏன் என்று கேட்டோம். கால் மணி நேரம் காரணம் சொன்னாள். கேட்டுக்கொண்டோம். தாளில் ஒன்றையும் திருத்தவில்லை.